பத்து மணி வெளியீடும் கைக்கு வந்த நியமன உத்தரவும்

பெயர், முகவரி தனித்தாளில் கண்டபடி. வயது ஐம்பத்தெட்டு. பெண். அரசுப் புள்ளியியல் துறையில் இணை இயக்குநர். விசாரணை அதிகாரி முன் நானாகச் சொல்வதாவது:

இயக்குநர் பதவிக்கு நான் ஆசைப்பட்டது உண்மை. இரண்டு முறை பட்டியலில் முதலில் இருந்தும் வெளியாளைப் போட்டார்கள். மூன்றாம் முறை யாரையும் போடாமல் என்னையே கூடுதலாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். இயக்குநர் அறையில் இதுவரை உட்கார்ந்ததில்லை. வாரம் ஒருமுறை நானே போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருவேன். "அந்த நாற்காலிய நினைச்சு உருகுறதுல பாதி என்னை நினைச்சிருந்தா நான் கொடுத்து வச்சவன்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

சம்பவத்தன்று காலை பத்து மணிக்கு வேலையில்லாதோர் விகிதம் வெளியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் வருடத்தின் முதல் வேலைநாளிலேயே பன்னிரண்டு மாத வெளியீட்டுத் தேதிகளையும் பலகையில் ஒட்டிவிடுவோம். ஒட்டிய தேதி நகராது. அலுவலகத்துக்குள் முழங்கால் தண்ணீர் நின்ற வருடமும் நகரவில்லை.

ஒன்பதரை மணிக்குத் துறைச் செயலாளர் என் மேசைக்கு வந்து என்னை இயக்குநராக்கும் நியமன உத்தரவைக் கொடுத்தார். அதன் பிறகு, "வாழ்த்துகள் மேடம். ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த நம்பர் பதினஞ்சு நாள் கழிச்சு வரட்டும்" என்றார்.

"நம்பர் தப்புன்னா சொல்லுங்க சார், இப்பவே பார்க்கிறேன்" என்றேன்.

"நம்பர் சரிதான் மேடம். அதானே பிரச்சினை."

அதன் பிறகு உத்தரவை இரண்டு முறை படித்தேன். கடிகாரம் கொஞ்சம் நின்றுபோகக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உத்தரவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய், கணினிப் பிரிவில் "போட்டுடுங்க" என்றேன். திரும்பி வந்தபோது செயலாளர் உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். மடிக்காமலாவது கொண்டுபோயிருக்கலாம்.

அனுமதியின்றி வெளியிட்டதாக அவர் கொடுத்த புகாரைப் படித்தேன். வெளியிட்டது நான்தான். கணினிப் பிரிவில் யாருக்கும் இதில் பங்கில்லை.

அதே உத்தரவை மறுபடி கொடுத்தால் வாங்குவீர்களா என்று அதிகாரி கேட்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன் என்றேன். அடுத்த வெளியீடு வருகிற பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டியதும் குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)
இணை இயக்குநர்