கழட்ட முடியாத மூடி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவன் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னுட்டாரு. என்ன வேலைன்னு டாக்டர் கேட்டதுக்கு, சிமெண்டு ஆலைன்னு ஏங்க பொய் சொன்னீங்க?"

"பின்ன, மருந்து பாட்டிலுக்கு மூடி டிசைன் பண்றேன்னா சொல்றது? இவன் எடுத்துக் குடிச்ச பாட்டிலுக்கும் நான் பண்ண மூடிதான்."

"அது கவுத்தாலும் சொட்டு சொட்டாத்தான வரும்? உள்ள இருக்கிற வால்வை யாராலயும் கழட்ட முடியாதும்பீங்களே."

"எனக்குத் தெரியும்ல. காய்ச்சல்ல அழுதுகிட்டே இருந்தான், மருந்து மெதுவா வந்துச்சு. கழட்டிட்டேன்."

அவள் குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.