லிஹியாவை இடுப்பில் ஏற்றியது யார்?

என் மகளை ஒருவர் இடுப்பில் ஏற்றினார். அவள் உலகத்தை ஒரு முறை பார்த்து முடிப்பதற்குள் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கு இந்த ஊர் கைதட்டியது. நடந்த அநியாயம் இதுதான். வணக்கம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டேன். வணக்கத்தில் தொடங்கியிருந்தால் எல்லோரும் சிரித்த முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். பிறகு என் கோபமும் உங்களுக்கு வாழ்த்துரை மாதிரியே கேட்டிருக்கும்.

இப்போது வணக்கம். குழந்தைகள் தின விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் சாக்பில் ஊர்த்தலைவர் தோன் ருதெசிந்தோ தூஸ் அவர்களே! மழைக்கும் விதைக்கும் நம் மழலைகளுக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்ளும் பூசாரி தோன் இலாரியோ கோக்கோம் அவர்களே! சோளக்காட்டில் தோள் தேய்ந்த மூத்தவர்களே! அடுப்பின் அனலிலும் அன்பு வற்றாத தாய்மார்களே! பின்வரிசையில் பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டே என் பேச்சைக் கேட்கும் சகோதரிகளே! "ரெண்டு பிள்ளையோட அப்பா நீங்க, இனிப்பா ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று என்னை மேடையேற்றிய விழாக் குழு இளைஞர்களே, ஏன் ஏற்றினோம் என்று இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் நசாரியோ உயிக்காப்பின் வணக்கம்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. உர மூட்டையில் அச்சடித்திருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றவன். தலை நரைத்த பிறகு தகப்பன் ஆனவன். தடுப்பூசி போட மகளைத் தூக்கிக்கொண்டு போனால் நர்ஸ் கேட்கிறாள், "தாத்தா, பாப்பாவோட அப்பா வரலையா?" "வந்திருக்காரும்மா" என்றேன். "எங்க?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சிரியுங்கள், சிரியுங்கள். எனக்கும் அன்று சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் நண்பர்களே, தாமதமாகத் தகப்பன் ஆனவனுக்கு ஒரு பாக்கியம் உண்டு. இருபது வயதுத் தகப்பன் காட்டுக்கு ஓடுகிறான், கடலோரத்து ஓட்டலில் வேலை தேடி ஓடுகிறான். பிள்ளை எப்போது சிரித்தது, எப்போது எழுந்து நின்றது என்று பெண்டாட்டி சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். நான் ஓடி முடித்தவன். நான் உட்கார்ந்து பார்த்தேன். என் இரண்டு பிள்ளைகளையும் மழைமேகத்தைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்த்தேன்.

என்ன பார்த்தேன் தெரியுமா?

என் மகன் வில்பெர், அதோ சட்டைப் பொத்தானை மென்றுகொண்டு நிற்கிறானே அவன், முதல் முறை நடந்ததைப் பார்த்தேன். யாரை நோக்கி நடந்தான்? இரண்டு கைகளையும் நீட்டி நின்ற என்னை நோக்கியா? இல்லை. கண்ணீரோடு கூப்பிட்ட தாயை நோக்கியா? இல்லை. எங்கள் வீட்டு வான்கோழியை நோக்கி நடந்தான். பயத்தில் பின்வாங்கியது வான்கோழி. ஆனந்தத்தில் முன்னேறினான் மகன். அவன் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தையும் அப்பா இல்லை, அம்மா இல்லை. "ஊலும்" என்றான். வான்கோழி! "அதைத்தான் மொதல்ல குழம்பு வைக்கணும்" என்றாள் என் மனைவி பிதேலியா. வைக்கவில்லை. என் மகனுக்கு மொழியைக் கொடுத்த பறவையை எப்படிக் குழம்பு வைப்பது? அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கொழுத்திருக்கிறது. யாரும் கேட்டு வராதீர்கள்.

என் மகள் லிஹியா தன் கையைக் கண்டுபிடித்ததைப் பார்த்தேன். ஏணையில் படுத்திருந்தாள். அவளுடைய கை அவளுடைய கண்ணெதிரே மிதந்து வந்தது. அவள் அழுவதை நிறுத்தினாள். அசைவதை நிறுத்தினாள். மூச்சைக்கூட நிறுத்திவிட்டாளோ என்று நான் எழுந்தே விட்டேன். கை போய்விட்டது. தேடினாள். மறுபடி வந்தது. இப்போது தானாக வரவில்லை, அவள் வரவழைத்தாள்! ஐந்து விரலையும் விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். இந்தக் கையால் ஆயுள் முழுக்க அரிவாள் பிடித்தவன் நான். ஒரு நாளாவது என் கையை அப்படிப் பார்த்திருக்கிறேனா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கோயிலில்கூட நாம் அப்படி எதையும் பார்ப்பதில்லையே!

இந்த வியப்புகளில் எல்லாம் பெரிய வியப்பு எது? நடப்பதா? பேசுவதா? பல் முளைப்பதா? நம் மக்களைக் கேட்டால் சொல்வார்கள்: இடுப்பேறுவது.

பிறந்த பிள்ளை எதைப் பார்க்கிறது? கூரையைப் பார்க்கிறது. கூரையில் சுற்றும் புகையைப் பார்க்கிறது. தன்மேல் குனியும் முகங்களைப் பார்க்கிறது. எல்லாமே மேலே, எல்லாமே குனிந்து, எல்லாமே அதை நோக்கி. பெண்பிள்ளை என்றால் அடுப்புக்கல் மூன்று, ஆகவே மூன்றாம் மாதம். ஆண்பிள்ளை என்றால் சோளக்காட்டின் மூலை நான்கு, ஆகவே நான்காம் மாதம். அந்த நாளில் பெற்றவர்கள் தேர்ந்தெடுத்த ஞானத்தாயோ ஞானத்தந்தையோ வந்து, அதுவரை கையில் கிடந்த பிள்ளையை முதல் முறையாகக் கால் விரித்து இடுப்பில் உட்கார வைக்கிறார்கள். அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது? பிள்ளையின் முகமும் நம் முகமும் ஒரே பக்கம் திரும்புகின்றன! அதுவரை நம்மைப் பார்த்த உயிர், இப்போது நம்மோடு சேர்ந்து பார்க்கிறது. நாம் பார்க்கும் வாசலை, நாம் பார்க்கும் மரத்தை, நாம் பார்க்கும் மனிதரை. நம்மில் ஒருவராகிறது!

வில்பெரின் இடுப்பேற்றத்தில் அதைக் கண்டேன். ஞானத்தந்தை அவனை இடுப்பில் வைத்து மேசையைச் சுற்றி ஒன்பது முறை நடந்தார். புத்தி திறக்க வேகவைத்த முட்டை, பேச்சு மலர வறுத்த பூசணி விதை, நினைவு நிற்க வறுத்த சோளமாவு. ஒவ்வொன்றையும் நாக்கில் தொட்டு வைத்தார். கையில் அரிவாளைத் தொட வைத்தார், பென்சிலைத் தொட வைத்தார். பென்சிலை என் மகன் தின்னப் பார்த்தான். "உன்ன மாதிரியேதான், படிப்ப வாயாலயே கத்துக்கப் போறான்" என்று ஞானத்தந்தை என்னைக் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம். எல்லோர் கண்ணிலும் நீர்.

லிஹியாவுக்கு? லிஹியாவுக்கு என்ன நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருந்தோம். ஞானத்தாயாக தோஞா எதுவிகெஸ் பெச் இசைந்திருந்தாள். பூசணி விதையை வறுத்துவிட்டாள். அந்த வாசனை தெருக்கோடிவரை வந்தது. அந்த வாரம்தான் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு நகரத்து வேட்பாளர் வந்தார். விழாக் குழு பிள்ளைக்காரிகளை எல்லாம் இதே மேடையில் வரிசையாக நிறுத்தியது. நான் காட்டில் இருந்தேன். "ஒரு நிமிஷம் குடும்மா, போட்டோவுக்குத்தான்" என்று ஒருவன் பிள்ளையை வாங்கி அவரிடம் கொடுத்தான். "இடுப்புல வைக்காதீங்கய்யா, இன்னும் ஏத்தல" என்றாள் பிதேலியா. ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதில் விழும்? "அட, பாப்பா கனமே இல்லையே" என்று சிரித்தபடி அவர் என் மகளை இடுப்பில் உட்கார வைத்தார். ஒரு மின்னல் வெட்டு. ஒரு படம். பிள்ளை திரும்பி வந்தது. அடுத்த பிள்ளை போனது.

வீட்டுக்கு வந்தபோது பிதேலியா சால்வையைக்கூடக் கழற்றவில்லை.

"வச்சுட்டாருய்யா."

"யாரு? என்னத்த?"

"சுவத்துல படம் ஒட்டியிருக்காங்களே, அவரு. நம்ம புள்ளைய இடுப்புல வச்சுட்டாரு."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறன்று எதுவிகெஸ் வந்தாள். வேலிக்கு வெளியிலேயே நின்றாள். "உள்ள வா" என்றேன். "எப்படி வர்றது நசாரியோ? மொதல்ல ஏத்துனவருதான ஞானத்தகப்பன். நான் கை வச்சா அவரு வச்சது அழியும், நான் வச்சதும் நிக்காது. புள்ள ரெண்டுங்கெட்டானாப் போயிரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றாள். வறுத்த விதையை வேலிமேல் வைத்துவிட்டு, சால்வை நுனியைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

விழாக் குழு என்ன சொன்னது? "பெருசு, உமக்கு அதிர்ஷ்டம்யா. எவ்வளவு பெரிய ஆளு ஞானத்தகப்பன்!" என்றது. சரி, பெரிய ஆளையே பார்ப்போம் என்று பஸ் ஏறினேன். அவருடைய அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள், நல்ல பெண், தண்ணீர் கொடுத்தாள்.

"சாரை எதுக்குத் தாத்தா பாக்கணும்?"

"பாதியில விட்டுட்டுப் போயிட்டாரும்மா. வந்து முடிச்சுக் குடுக்கணும்."

"ரோடு வேலையா?"

"இல்லம்மா. ஒம்பது சுத்து, ஒரு முட்டை, கொஞ்சம் பூசணி வெதை."

"தாத்தா, தேர்தல் முடிஞ்சுதே. சார் இனிமே புள்ளைங்களத் தூக்க மாட்டாரு" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்காக வருந்தித்தான் சொன்னாள்.

அவர் ஜெயித்தாரா, தோற்றாரா? அங்கே யாரோ கேட்கிறார்கள். எனக்கு அக்கறை இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவருக்குத் தெரியாது. நகரத்தில் பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வைப்பார்கள். ஆனால் உங்களுக்குத் தெரியாதா? இந்த மேடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரு நாள் யாருடைய இடுப்பிலோ ஏறியவர்கள்தானே? ஒருவர், ஒரே ஒருவர், "ஐயா, கையில் பிடியுங்கள்" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

அன்று முதல் இன்றுவரை லிஹியா யாருடைய இடுப்பிலும் ஏறவில்லை. முடிவு தெரியாமல் அவளை ஏற்றுவதற்குப் பிதேலியாவுக்கும் துணிவில்லை, எனக்கும் துணிவில்லை. கையிலேயே சுமக்கிறோம். தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும், இத்தனை மாதத்துப் பிள்ளையைப் படுக்கை வாட்டில் சுமந்தால் தோள்பட்டை என்ன ஆகும் என்று. தோள் போகட்டும். பிள்ளை! அவள் முதுகை வில்லாய் வளைக்கிறாள். தலையைத் தூக்குகிறாள், தூக்குகிறாள், கழுத்து நடுங்கும்வரை தூக்குகிறாள். வாசலில் நாய் குரைத்தால் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறாள், என் முழங்கை மறைக்கிறது. வில்பெர் ஓடினால் அவன் சத்தம் கேட்கிறது, அவன் தெரிவதில்லை. உலகத்தைப் பார்க்க ஓர் உயிர் படும் பாட்டை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன ஆசை அது! என்ன ஆவேசம்! யார் கற்றுக்கொடுத்தார்கள் அவளுக்கு, அங்கே பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று?

ஆகவே கேட்கிறேன். இடுப்பில் வைத்துவிட்டால் இடுப்பேற்றமா? வெறும் சட்டியை அடுப்பில் வைத்து இறக்கிவிட்டுச் சமைத்துவிட்டேன் என்பீர்களா? மேசை இருந்ததா? சுற்று இருந்ததா? அவள் நாக்கில் ஒரு சிட்டிகை சோளமாவு பட்டதா? அவர் அவளுடைய பெயரையாவது கேட்டாரா? பெயர் கேட்காதவர் எப்படி ஞானத்தகப்பன்? தோன் இலாரியோ தலையாட்டுகிறார். ஐயா, தலையாட்டினால் போதாது. தலையாட்டுவது ஒலிபெருக்கியில் கேட்காது.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். யார் செய்யவேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

தோன் ருதெசிந்தோ, மாவு மில் சுவரில் தொங்கும், அவர் என் மகளை இடுப்பில் வைத்திருக்கும் அந்தத் துணிப்படத்தை இன்றைக்கே இறக்கவேண்டியது நீங்கள். சோளம் அரைக்கப் போகும் ஒவ்வொரு காலையும் பிதேலியா அதன் கீழேதான் நிற்கிறாள். துணி நல்ல துணி. கோழிக்கூட்டுக்கு மேலே போடலாம்.

விழாக் குழுவினரே, இடுப்பேறாத பிள்ளையை இனி எந்த மேடையிலும் எந்தப் பெரிய மனிதருக்கும் தூக்கிக் கொடுக்காமல் இருக்கவேண்டியது நீங்கள்.

தாய்மார்களே, ஒலிபெருக்கியைவிட உரக்க "மாட்டேன்" என்று சொல்லவேண்டியது நீங்கள்.

தோன் இலாரியோ, அன்று நடந்தது இடுப்பேற்றம் இல்லை என்று எழுந்து நின்று இதே ஒலிபெருக்கியில் சொல்லவேண்டியது நீங்கள். வாருங்கள். நான் நகர்ந்துகொள்கிறேன்.

கேட்டீர்களா? "இல்லை" என்றார். "ஒரு நாளும் இல்லை" என்றார். நன்றி ஐயா.

பிதேலியா, முட்டையை உரிக்கவேண்டியது நீ. ஊசியும் வை, பென்சிலும் வை, அரிவாளும் வை. என் மகள் எல்லாவற்றையும் தொடட்டும். மேடைக்குக் கீழே மேசை போட்டிருக்கிறது. பலகாரத்துக்கு என்று நினைத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

எதுவிகெஸ், கடைசியாக நீ. பூசாரி சொல்லிவிட்டார். பாவம் ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதம் தாண்டிவிட்டதுதான். அது உன் குற்றமும் இல்லை, அவள் குற்றமும் இல்லை. நீ எழுந்து வரவேண்டும்.

வழி விடுங்கள். அந்த நாற்காலியை நகர்த்துங்கள், அவளுக்கு முழங்கால் வலி. வா எதுவிகெஸ், மெதுவாக வா. பிதேலியா, கொடு. காலை விரித்து... ஆமாம், அப்படித்தான்.

பாருங்கள். பெரியோர்களே, தாய்மார்களே, என் மகள் உங்களைப் பார்க்கிறாள். உங்கள் எல்லோரையும் பார்க்கிறாள். வாயைத் திறந்துவிட்டாள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. என்னைத் திட்ட நினைத்தவர்களுக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம். யாராவது இந்த ஒலிபெருக்கியை அணையுங்கள். முதல் சுற்று தொடங்கிவிட்டது, சத்தம் கூடாது.