கேட்கும் என்று சொன்னேன்

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. வீட்டில் தொலைக்காட்சியைக்கூடத் தாழ்த்திவைத்துத்தான் பார்ப்பேன். ஒலிபெருக்கி செய்து பிழைக்கிறவனுக்கு இப்படியொரு காதா என்று என் மனைவி சிரிப்பாள்.

பாக் உஹானை இன்னும் அடைத்து வைத்திருக்கிறீர்களாம். அணையின் மதகைத் திறந்தவர் அவர்தான். திறக்காவிட்டால் அணையே போயிருக்கும். அவர்மேல் குற்றமில்லை என்று சொல்லத்தான் பாண்டுங்கிலிருந்து காலைப் பேருந்தில் வந்தேன். என் பெயர் எஞ்சாங். அணைச் சுவரில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பெட்டி நான் செய்தது.

தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். தாழ்ந்த, கனத்த சத்தம் எழவேண்டுமானால் ஒலிபெருக்கியில் அகலமான கூம்பு வேண்டும். சின்னக் கூம்பு எவ்வளவு முக்கினாலும் அது வராது. ஆனால் அந்தச் சத்தத்தோடு கூடப்பிறக்கும் மேல் சுரங்களை மட்டும் பக்குவமாகக் கலந்து கொடுத்தால், அடியில் இல்லாததைக் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். இருபது வருடமாக எனக்கு அதுதான் வேலை. பால் டப்பா அளவுப் பெட்டியைப் பாடவிடுவேன். கேட்டவர்கள் பெரிய பெட்டி எங்கே என்று திரைக்குப் பின்னால் போய்த் தேடுவார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. வேறெதிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

அணைக்கு ஒரு சைரன் வேண்டும், பெரிய கூம்புகளுக்குக் கோபுரம் எழுப்ப இடமில்லை என்றார்கள். ஒரே ஆள் தூக்கிப்போகிற பெட்டியில் செய்து தருகிறேன் என்றேன். அலுவலக முற்றத்தில் வைத்து ஒலிக்கவிட்டபோது, பிசாங் கோரெங் பழப்பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் அதைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார்கள். பெரிய அதிகாரி நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இங்கே இடிக்கிறது என்றார்.

நெந்தென் மட்டும் மேசைமேல் இருந்த காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பட்டறையில் ஒலி அளக்கிறவள். ஏழு வருடம் என்னிடம் வேலை பார்த்தாள். மூத்தவன் என்று என்னைக் காங் என்பாள்.

"சத்தம் பெருசாத்தான் தெரியுது, காங். ஆனா காப்பி அசையவே இல்லையே."

அணைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் சிமுந்திங்தான் அவளுடைய ஊர். பெட்டியை மாட்டியதும் அவளே அளவுக்கருவியோடு அங்கே போய் நின்றாள். கனத்த சத்தம் காடு மலை தாண்டிப் போகும். மேல் சுரங்கள் அப்படியல்ல, பாதி மூங்கில் தோப்பிலேயே மடிந்துவிடும். ஊருக்கு வருவது கொசு முனகுகிற மாதிரி இருக்கிறது, மழை பிடித்தால் அதுவும் இருக்காது என்று திரும்பிவந்து சொன்னாள். பெரிய கூம்பே வைத்துவிடலாம், அதிகாரியிடம் நாமே சொல்லிவிடுவோம் என்றாள். அவளுடைய அம்மா எழுந்து நடமாட முடியாமல் அங்கே படுத்திருந்தாள்.

பார்க்கலாம் என்றேன். அறிக்கையில் அவள் அளந்த எண்ணை எடுத்துவிட்டு, முற்றத்தில் அளந்த எண்ணை எழுதினேன். எண் சரியான எண்தான். இடம்தான் வேறு.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குத் துணையாக ஊரோடு போய்விட்டாள். அங்கே வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். அதிகாரிகளுக்கு நெஞ்சே அதிர்ந்ததாமே, உனக்கு மட்டும் காது மந்தமா என்று சிரித்திருக்கிறார்கள்.

வெள்ளம் வந்த அன்றைக்கு மதியம் நான் மாதச் சோதனைக்காக அணைக்கு வந்திருந்தேன். விடியலிலிருந்து மழை விடவில்லை. மதகைத் திறந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்ததும் பாக் உஹான் சைரனை அழுத்தினார். காவல் அறைக்குள் அது அருமையாக ஒலித்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் மேசைத் தொலைபேசியைக் கையில் எடுத்தபடி என்னைக் கேட்டார். மரியாதைக்கு என்னையும் பாக் என்றுதான் கூப்பிடுவார்.

"கீழ கேக்குமா, பாக்? எதுக்கும் ஊர்த்தலைவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டுடறேன்."

"கேக்கும். நீங்களே போன் போட்டா, அப்புறம் இந்தப் பெட்டி எதுக்குன்னு கேப்பாங்க."

படித்தவன் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை அவர். தொலைபேசியை வைத்துவிட்டு மதகைத் திறந்தார்.

தண்ணீர் சிமுந்திங் போய்ச்சேரக் கால் மணி நேரம் ஆகும். அங்கே எதுவும் கேட்காது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். போன் போட்டிருந்தால் ஊர் மேட்டுக்கு ஏறியிருக்கும். பெட்டியின் சத்தம் கேட்கவில்லை என்பதும் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். முப்பத்தொரு பேர் செத்தார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், சரிதான். நெந்தெனை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். அம்மாவைச் சாரோங் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

இது என் கைப்பேசி, வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அவள் ஆறு தடவை என்னைக் கூப்பிட்டிருப்பது இதில் இருக்கும். எடுத்திருந்தால், மதகைத் திறந்தாயிற்றா என்று கேட்டிருப்பாள். எனக்குப் பொய் சொல்ல வராது, ஐயா. அதனால்தான் எடுக்கவில்லை.