ப-ன்னு எழுதின பாட்டில்

உக்காருங்க மேடம், கார் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு. புது ஷூ வேற, இப்படிக் கீச்சுக் கீச்சுன்னு நடந்தா பக்கத்து ரூம்ல எலி வந்துடுச்சுன்னு நினைப்பாங்க. இந்த பிஸ்கட்டைத் தின்னுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. உங்க பூஞ்சைதான் தன்னையே தின்னும், நீங்களுமா?

சிரிச்சிட்டீங்க, அப்பாடா.

பூஞ்சை சமாச்சாரம் எனக்குப் புரியுதான்னா கேக்குறீங்க? புரியாம என்ன? பதினோரு வருஷமா உங்க லேப்ல தட்டு கழுவுறேன். பூஞ்சை வித்து இலை மேல போய் உக்காருது. அடியில வழுவழுன்னு கெட்டியா இருக்கா, திங்க ஏதாச்சும் இருக்கான்னு தடவிப் பாக்குது. இல்லேன்னதும் உள்ள சேதி போகுது. உடனே தன் உடம்பையே தின்னு, அந்தத் தெம்பையெல்லாம் நுனியில ஒரு குமிழுக்கு அனுப்பிட்டு செத்துப்போகுது. குமிழ் இலையை ஓட்டை போட்டு உள்ள பூந்துடுது. சரியா? மார்க் போடுங்க.

நீங்க அந்தத் திங்கிற புத்தியைப் பிடுங்கிட்டு இன்னொண்ணு செஞ்சீங்க. அது இலை மேல சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கணும். நான் அதுக்குச் சோம்பேறின்னு பேரு வெச்சேன். எங்க வீட்டுக்காரர் ஞாபகமாத்தான். ஐயோ, அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

ஆனா போன மாசம் சோம்பேறிதான் இலையெல்லாம் கருக்கிடுச்சு. நீங்க கை வெக்காத பழசு படுத்துக்கிச்சு. ஃப்ரிட்ஜ்லயே கெடந்து வீரியம் போச்சுன்னீங்க. மூணு தடவை தெளிச்சீங்க, மூணு தடவையும் அதே ரெண்டு பாட்டில். தன்னைத் தின்னாத்தான் இலைக்குள்ள பூர முடியும்னு உலகமே தப்பா சொல்லிட்டிருந்துச்சுன்னு இன்னிக்கு மேடையேறப் போறீங்க.

கார்க்காரர் ஹாரன் அடிக்கிறாரு. அடிக்கட்டும், உக்காருங்க.

இப்ப மேடைப் பேச்சை எங்கிட்ட பேசிக் காட்டினீங்கல்ல, நடுவுல பட்டினின்னு ஒண்ணு வந்துச்சே, அது யாரு? ஓ, நம்ம சோம்பேறிதானா, தன்னைத் தின்ன முடியாததால பட்டினி. அழகான பேருதான் மேடம். ஆனா நான் அந்தப் பேரை இன்னிக்குத்தான் கேக்குறேன். தெளிக்கிறதுக்கு முந்தி போன்ல, ரெண்டு பூஞ்சையையும் பாட்டில்ல நிரப்பிட்டு ஒண்ணுல மட்டும் ப-ன்னு எழுதி வைங்கன்னீங்க. நானும் எழுதினேன்.

எனக்குப் பயமா இருக்கு. திட்டுறதுன்னா திட்டிக்கோங்க, ஆனா கார்ல மட்டும் ஏறிடாதீங்க.

எனக்கு ப-ன்னா பழசு மேடம்.