வாட்ச்சில் தெரியாதது

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் மூன்று பேர். ஜன்னலோரம் கறுப்பு வாட்ச் கட்டிய ஒரு பெரியவர் கண்மூடிச் சாய்ந்திருந்தார். நடுவில் அவர் மகள். இந்தப் பக்கம் ஆனைக்கரையில் அவருக்குப் பக்கத்து வீட்டு அம்மா.

“எங்கப்பா எப்படி இருக்காருன்னு தினமும் பாத்தேங்க்கா. ஒரு நாள்கூட அவர்கிட்டக் கேக்கல” என்றாள் மகள்.

“பாத்துமா இப்பிடி ஆச்சு?”

“இந்த வாட்ச்ச நான்தான் வாங்கிக் கட்டிவிட்டேன். எவ்வளவு நடந்தாரு, நெஞ்சுத் துடிப்பு எப்படின்னு கோயம்புத்தூர்ல என் போன்ல தெரியும். நல்லாத்தான இருக்காருன்னு போன் பண்றதையே விட்டுட்டேன். போன வாரம் வந்து வாசல்ல நிக்கிறேன், ‘யாரது?’ங்கிறாரு. சுகர்ல ரெண்டு கண்ணும் போயிருச்சு.”

“நான் உங்கிட்டச் சொல்றேன்னுதான் சொன்னேன். நீ பயந்துருவேன்னு வேணாம்ட்டாரு.”

“முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாருக்கா. செவுத்தப் பிடிச்சுப் பிடிச்சு நடந்திருக்காரு. எனக்கு நடக்கிறாருன்னு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியதும் பெரியவர் நிமிர்ந்தார்.

“எங்கம்மா போய்க்கிட்டிருக்கோம்?”

“மலை எறங்குறோம்ப்பா. கீழ வயலு தெரியுது. அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம். ரோட்டோரம் ஒரு குரங்கு குட்டியத் தூக்கிட்டு ஒக்காந்திருக்கு…”

கம்பம் வரும்வரை அவள் நிறுத்தவேயில்லை.