கிளுவை வேலி காத்த மகேஸ்வரி அம்மையாருக்கு, வேலி போன மறுநாள் வாசித்தளித்த மடல்

கன்னிவாடி சாலை விதைப் பண்ணையின் கண்ணாக விளங்கியவரே! காய்கறிப் பாத்திக்கும் காட்டுக் கொடிக்கும் கருணை காட்டியவரே! கவுதாரிக்குக் குடியிருப்பும் கொம்புத்தேனீக்குக் கொப்பும் கொடுத்த கொடையாளரே! பணி நிறைவு பெறும் பண்ணை மேலாளர் திருமதி மகேஸ்வரி அம்மையார் அவர்களே! ஊழியர்கள் அனைவரும் தலை வணங்குகிறோம். இன்று அந்தத் தலையை நிமிர்த்தவும் எங்களால் ஆகவில்லை.

வாசிக்க வேண்டிய மடல் இதுவன்று. திண்டுக்கல்லில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட மடல் ஒன்று மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. “வேலி காத்த வீராங்கனையே” என்று பொன்னெழுத்தில் தொடங்கும் அதை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மத்தியானத்துக்குள் அரக்கப்பரக்க எழுதிய இந்தத் தாளை ஏற்றருள வேண்டுகிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் தாங்கள் இங்கே வந்தபோது பண்ணையைச் சுற்றி ஒற்றை வரிசைக் கிளுவை மட்டுமே நின்றது. அதனூடே ஆவாரையையும் நொச்சியையும் வளரவிட்டு, வேலிப்பருத்தியையும் கோவையையும் படரவிட்டு, பூசணிக்கும் பாகலுக்கும் நடுவே தினையும் தட்டைப்பயறும் ஆமணக்கும் விதைக்கச் செய்து, ஒரு வயலைப் பல வயலாக்கிய பெருமை தங்களுடையது! மேலிடத்திலிருந்து வந்தவர்கள் புதரைப் பார்த்து முகம் சுளித்தார்கள். “பாம்பு அடையுது, வழிச்சு எடுங்க” என்றார்கள். “அந்தப் புதர்ல இருக்குற தேனீதான் சார் இந்தப் பூசணிக்குப் பிஞ்சு வைக்குது. அதை வெட்டுனா பூவை மட்டும்தான் பார்க்கலாம்” என்று சிரித்தபடியே அவர்களைக் காரில் ஏற்றி அனுப்பினீர்கள்.

சுற்றுவட்டாரம் முழுக்க மக்காச்சோளமாக மாறிய பிறகு, கவுதாரிச் சத்தம் நம் பண்ணையில் மட்டுமே கேட்டது. எந்தக் கொப்பில் தேனடை, எந்த வளையில் கீரி, எந்தத் தூரில் தவிட்டுக்குருவி என்று, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைச் சொல்வதுபோலத் தாங்கள் சொல்வீர்கள். நாங்களும் தலையாட்டிக் கேட்போம். ஒன்றையும் மனத்தில் வாங்கவில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

நேற்றுப் பொறுப்பை ஒப்படைக்கும் வேலையாகத் தாங்கள் திண்டுக்கல் போயிருந்தீர்கள். நம் டிராக்டர் ஓட்டுநர் ஆண்டிச்சாமிக்கு ஒரே கவலை. பந்தல் சிறியதாக இருந்தால் அம்மாவுக்குக் குறைச்சல் ஆகிவிடுமே! வடக்கு வேலியில் ஓர் ஓரத்தை மட்டும் ஒதுக்கினால் போதும் என்று பொக்லைன் ஒன்றை வரவழைத்தார். நாங்களும் நல்ல யோசனை என்றுதான் சொன்னோம். இடத்தைக் கையால் காட்டிவிட்டு ஆண்டிச்சாமி எல்லோருக்கும் டீ வாங்கப் போனார். திரும்பி வந்து பார்த்தார். வடக்கு வேலி முழுவதும் வேரோடு புரண்டு கிடந்தது. எந்திரக்காரர் நல்ல மனத்தோடு மிச்சத்தையும் சுத்தம் செய்து கொடுத்திருந்தார். வெறுந்தரையில் இரண்டு கவுதாரிகள் ஒளிய இடமில்லாமல் அங்குமிங்கும் ஓடின. ஆண்டிச்சாமி கையிலிருந்த டீ வாளியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை, பட்டுச்சேலை உடுத்தி வந்து இறங்கிய தங்கள் முகத்தை நாங்கள் பார்த்திருக்கவே கூடாது. வரவேற்க வைத்திருந்த மாலை எங்கள் கையிலேயே நின்றுபோனது.

“பந்தலுக்கு எடம் பத்தலம்மா... வார சனம் பாம்புக்குப் பயப்படுமேன்னு... ஒங்களுக்கு நல்லா இருக்கணும்னுதாம்மா கூப்ட்டேன்” என்று ஆண்டிச்சாமி அழுதார்.

“செத்த நேரம் பேசாம இருப்பா” என்றீர்கள். அதட்டியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குவியலில் கிடந்த கிளுவைக் கொம்பு ஒன்றை எடுத்து நகத்தால் கீறினீர்கள். உள்ளே பச்சை தெரிந்தது. “உசுரு இருக்கு. மழையும் பேயுது. ஒரு கொப்பையும் எரிச்சுப்புடாதீக. கடப்பாரையை எடுத்துட்டு வாங்க” என்றீர்கள். பத்து மணி விழா அப்படியே நின்றது. வாழ்த்த வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டி ஆளுக்கொரு கொம்பு நட்டார்கள். இப்போது தாங்கள் மேடையில் அமர்ந்திருப்பதும் அந்தச் சேற்றுச் சேலையோடுதான்!

அம்மையே! கிளுவை துளிர்த்துவிடும். ஆனால் அது அடர்ந்து, கொடி ஏறி, குருவி நம்பிக் கூடு கட்ட எத்தனை ஆண்டு ஆகுமோ, அறியோம். வேலியை விட்டுப் போனவர்களில் யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்று பார்த்துச் சொல்லவும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பணி நிறைவு விழாவில் நீடூழி வாழ்க என்பது வழக்கம். நாங்கள் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. தாங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் இருந்தே ஆகவேண்டும். அந்த வேலியில் மறுபடியும் கவுதாரி கத்துகிற காலையில், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்கத் தாங்கள்தான் வரவேண்டும்!

இங்ஙனம்,
கன்னிவாடி சாலை விதைப் பண்ணை ஊழியர்கள்
31.10.2005

(முதல் கையொப்பம் ஆண்டிச்சாமியுடையது. தாளில் படிந்த சேறும் அவர் கையுடையதே. துடைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.)