குதிரைக்கு யார் கை முழம்?

"சாமிகிட்ட ஒரு முழம்னு சொல்லிட்டு, கொறைச்சிக் குடுக்கறதாங்க?"

விருத்தாசலத்தில் பஸ் ஏறி, வேப்பூருக்கு டிக்கெட் வாங்கியதும் முன் சீட்டுப் பெண் கணவனிடம் கேட்டாள். அவள் மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை தூங்கியது. அவன் மடியில், அந்தக் குழந்தை பிறப்பதற்காக அய்யனாருக்கு வேண்டிக்கொண்டபடி அவனே செய்து சுட்ட பீங்கான் குதிரை.

"முழம்னா பதினெட்டு இன்ச்சு. பச்ச மண்ணுல கரெக்டாத்தான் இருந்துது. சூளையில சுருங்கிப்போச்சி, நான் என்னா பண்றது?"

சந்தேகம் தீர, அவன் குதிரையைத் தன் முழங்கையோடு சேர்த்துப் பிடித்தான். நாலு விரல் குறைந்தது.

"உங்க கை பனமரம். வேண்டிக்கிட்டது நானு, ஏங் கையில அளங்க."

அதிலும் ஒரு விரல் குறைந்தது. பின் சீட்டில் நான் என் கையைச் சாணால் அளந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"அடியில ஒரு பலகைய வெச்சி ஒசத்திடலாமா?"

"சாமியவே ஏமாத்துவீங்களா?"

அவள் குழந்தையின் கையை மெல்ல நீட்டி, குதிரையின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"யாருக்காக வேண்டிக்கிட்டோம்? பாப்பாவுக்குத்தான? அவ கைக்கு ரெண்டு முழம் வருதுங்க!"

"அப்ப ஒரு முழம் ஜாஸ்தி. அத அடுத்த புள்ளைக்கு வெச்சிக்கச் சொல்லு சாமிய."

"குதிரையத் தூக்குங்க, ஸ்டாப்பு வந்துடுச்சி," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேப்பூர் வர இன்னும் பாதித் தூரம் இருந்தது.